தொட்டில் சேலையின் வாசனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். எனக்கு எழுத வராது என்பது ஒரு காரணம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாராவிக்கு வந்து தோல் பை தைக்க உட்கார்ந்தவன் நான். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. இதில் இறந்துபோன ஒரு பெண்ணின் பேர் அடிபடுகிறது. மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி நல்லது மட்டும் பேசு, இல்லையென்றால் வாயை மூடிக்கொள் என்றுதான் என்னை வளர்த்தார்கள். நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். நான் பேசாமல் விட்ட இடத்தில் மற்றவர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண் என் முதல் மனைவி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடைசிக் காலத்தில் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. முகம் வீங்கி, கால் வீங்கி, இனி அதிக நாள் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கீழே பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரே அறையாக வீடு. ஒரு நாள் நான் மேலே போனபோது அவள் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல சேலைகளாகப் பார்த்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு இந்த வேலை?" என்றேன்.

"எனக்கப்புறம் ஒருத்தி வருவா. வராம இருக்க மாட்டா. சேலையெல்லாம் பூச்சி அரிச்சுக் கெடந்தா, என்ன பொம்பள இவன்னு அவ நெனைக்கப் பிடாது."

"சும்மா கெட."

"நீங்க சும்மா கெடங்க. கீழ போயி அந்த டாம்பர் கோலி ரெண்டு பிடி எடுத்துட்டு வாங்க. கஞ்சத்தனம் பண்ணாதிய."

டாம்பர் கோலி என்பது பம்பாயில் எல்லாரும் சொல்லும் பேர். ஊரில் அந்துருண்டை என்போம். தோல் கட்டுகளில் பூச்சி விழாமல் இருக்கப் பட்டறையில் அது எப்போதும் கிடக்கும். இரண்டு பிடி கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு சேலை மடிப்புக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாக வைத்தாள். மூடியை அழுத்திச் சாத்தினாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவள் திறக்கவில்லை.

அவள் மௌத்தானபோது, அதாவது இறந்தபோது, பெண்கள் குளிப்பாட்டி, கற்பூரம் வைத்து, கபன் துணி சுற்றினார்கள். கபன் என்பது அடக்கம் செய்யும்போது உடுத்தும் வெள்ளைத் துணி. அந்தக் கற்பூர வாசனை அறையை விட்டுப் போக வெகு நாளாயிற்று. இறந்தவர்களின் துணிமணியை நாற்பதாம் நாளுக்குள் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். எல்லாம் கொடுத்தோம். தகரப் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு உரியவள் இன்னும் வரவில்லை என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே, நான் எப்படிக் கொடுப்பது? பெட்டி பரணில் ஏறியது.

உறவினர்கள் விடவில்லை. கல்யாணில் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பம் ஒன்றில் பெண் பார்த்து எனக்கு மறுமணம் செய்து வைத்தார்கள். இவள் அதிகம் பேசாதவள். அல்லாஹ்வின் கிருபையால் ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவம் கல்யாணில் இவள் தாய் வீட்டில். நாற்பது நாள் கழியும்வரை பிள்ளை அங்கே தளதளவென்று இருந்தான். நாற்பது கழிந்து, நல்ல மழைக்காலத்தில், இங்கே கூட்டி வந்தோம்.

ஒரு வாரமாகத் துணி காயவில்லை. ஏணிக் கம்பியில், ஜன்னல் கம்பியில், எங்கே பார்த்தாலும் ஈரத் துணி. தொட்டில் கட்ட ஒரு காய்ந்த சேலை இல்லை. இவள் பரணைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பெட்டியில ராத்தா சேலை இருக்குன்னு சொன்னீங்களே."

முதல் மனைவியை இவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் சொல்லுவாள். பெட்டியை இறக்கினேன். மேலே இருந்தது வெளிர்நீலப் பருத்திச் சேலை. உடுத்தி உடுத்தி வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது. இவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"புள்ள ராத்தா மடியில தூங்குற மாதிரி இருக்கட்டும். அவங்களுக்கும் இவன்ட்ட பங்கு வேணும்ல?"

நான்தான் கூரைக் கொக்கியில் சேலையைக் கட்டினேன்.

மறுநாள் மாலை எதிர் அறையிலிருக்கும் சாச்சி பிள்ளையைப் பார்க்க வந்தார். சொந்தம் இல்லை, சித்தி முறை வைத்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். முதல் மனைவியைக் குளிப்பாட்டியவர்களில் அவரும் ஒருவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சாச்சி, உள்ள வாங்க."

"தம்பி, கபன் வாசனைல்லா வருது."

"பெட்டியில இருந்த சேலை சாச்சி. டாம்பர் கோலி வாசம்."

அவர் தொட்டிலையே பார்த்தார். சேலையை அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த வாசனை வேறு மாதிரி வர ஆரம்பித்தது. மழை இருட்டில், அந்தி மயங்கி மக்ரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரம், ஜன்னலை அடைத்துவிட்டால், தொட்டில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு அலையாக வந்து போகும். கீழே பட்டறையில் அழுத்தும் இயந்திரம் ஓடினால் மேலே கொக்கி அதிரும், தொட்டில் தானாகவே லேசாக ஆடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒரு தடவை இயந்திரம் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பிள்ளை உள்ளே விழித்தபடி, அழாமல், மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளில் அவன் கண் மஞ்சளாயிற்று. உதடு வெளுத்தது. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. இவள் ஈரத் துணியை மாற்றப் போனவள் அதைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டாள். வெள்ளைத் துணியில் பால் ஊற்றாத கட்டன் சாயா கொட்டிய மாதிரி ஒரு கறை. அது பிள்ளையின் மூத்திரம்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் உடைகிறது, ஏன் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார்கள். என் பிள்ளை நீலமாகத் தெரிந்தான். ஆழமான தண்ணீருக்குள் கிடக்கிறவன் மாதிரி. ரத்தம் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். கிருமியாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தோம். தொட்டிலில் போட்டோம்.

சாச்சி இந்தத் தடவை என்னை ஏணிக்குக் கீழேயே பிடித்துக்கொண்டார். "கல்யாண்ல நல்லா இருந்த புள்ள. ஆஸ்பத்திரியில நல்லா ஆன புள்ள. உன் வீட்டுக்குள்ள வந்தா மட்டும் ஏம்ல மஞ்சளாவுது? பெறாதவ அவ. ஏங்கி ஏங்கிப் போனவ. அந்தச் சேலையை எடுத்து எரிச்சிரு. நான் உன் நல்லதுக்குச் சொல்லுதேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கேவலம். பயம்தான் வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பிள்ளையின் தலையில் கை வைத்து ஓதினார். போகும்போது, "மௌத்தானவங்க இப்படியெல்லாம் திரும்பி வர்றதில்ல. ஓதுறதும் வேணும், ஆஸ்பத்திரியும் வேணும். திரும்ப மஞ்சளானா என்னைக் கூப்பிடாத, டாக்ஸியைக் கூப்பிடு" என்றார்.

அவர் சொன்னது புத்திக்கு ஏறியது, நெஞ்சுக்கு ஏறவில்லை. மாலையில் நான் நாற்காலி போட்டு ஏறிக் கொக்கியிலிருந்து சேலையை அவிழ்க்கக் கை வைத்தேன்.

"எதுக்கு அவுக்கிறீங்க?" என்றாள் இவள்.

சொன்னேன். சாச்சி சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ராத்தா மேல பழி போடாதீங்க. அவங்க இல்ல. எங்கூட வந்தது அது."

"எது?"

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். காய்ச்சல் வந்துச்சு. மாத்திரை குடுத்தாங்க. காய்ச்சல் விட்டுச்சு. அப்புறம் இதே மாதிரி மஞ்சளா ஆனான், இதே மாதிரி கறுப்பா மூத்திரம் போனான். ரயில்வே லைன் பக்கத்துல பாழடைஞ்ச கிணத்துக்கிட்ட வெளையாடினான், ஜின்னு பிடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. மௌத்தாயிட்டான். வெளிய சொன்னா எனக்கு மாப்பிள்ளை கிடைக்காதுன்னு வீட்டுல மறைச்சுட்டாங்க. அது என்னோட இங்க வந்திருக்கு. நீங்க பாவம், உங்களுக்குத் தெரியாது."

கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது. காலித் தொட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆடியது. நான் அவள் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தேன். அவள் என் பின்னால் பார்த்தாள். ஒரே அறையில் ஆளுக்கு ஒரு பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறோம்.

சேலையை நான் அவிழ்க்கவில்லை. அவள் அவ்வளவு சொன்ன பிறகு அவிழ்த்தால், இறந்தவளைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பிள்ளை அதிலேயே தூங்கினான்.

திரும்பவும் மஞ்சளானான். இந்தத் தடவை முன்னைவிட மோசம். உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மழை ஊற்றியது. பிள்ளையைச் சுற்ற வேறு துணி கைக்கு அகப்படாமல் இவள் தொட்டில் சேலையையே அவிழ்த்து, பிள்ளையை அதில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். டாக்ஸிக் கண்ணாடியை மூடியதும் உள்ளே அந்த வாசனை நிறைந்தது. டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிள்ளை மூச்சு விடுகிறானா என்று நான் அவன் மூக்கில் விரல் வைத்தபடியே போனேன். எனக்குத் தெரிந்த எல்லா சூராவையும் ஓதினேன், பாதியில் மறந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.

அன்று வேலையில் இருந்தது மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு தமிழ் டாக்டரம்மா. பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைக்கக் குனிந்தவர், சேலையில் மூக்கை வைத்து மோந்தார்.

"என்ன வாசனை இது? புடவையை எங்க வெச்சிருந்தேள்?"

"பெட்டியிலம்மா. டாம்பர் கோலி போட்டு..."

"அலம்பினேளா?"

"மழைம்மா. காயாதுன்னு..."

"போன தடவை இங்கேர்ந்து போனப்புறமும் இதுலதான் தூங்கினானா?"

இவள் தலையாட்டினாள். டாக்டரம்மா சேலையை உருவி நர்ஸ் கையில் கொடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வைக்கச் சொன்னார். பிறகு இவளைப் பார்த்து, "உங்க அம்மா வழியில ஆம்பிளைக் குழந்தை யாருக்காவது, ஏதாவது மருந்து சாப்ட்டு, இந்த மாதிரி மஞ்சளாகி, மூத்திரம் கறுப்பாப் போயிருக்கா?" என்று கேட்டார்.

இவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள்வரை என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை, எங்களை முன்பின் தெரியாத ஒருவர் கூட இருந்து பார்த்த மாதிரி கேட்கிறார்.

மறுபடி ரத்தம் ஏற்றினார்கள். அல்லாஹ் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான். பிள்ளையின் கண்ணில் மஞ்சள் வடிந்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னதை, நான் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்தேன். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

நம் ரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் ஒரு என்சைம் இருக்கிறது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்று பேர். சுருக்கமாக ஜி-சிக்ஸ்-பி-டி. அணுவுக்குள் போன சர்க்கரை குளுக்கோஸ்-6-பாஸ்பேட் என்று ஆகிறது. அதிலிருந்து இந்த என்சைம் ஹைட்ரஜனைக் கழற்றி, என்.ஏ.டி.பி. என்ற இன்னொன்றின் கையில் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டது என்.ஏ.டி.பி.ஹெச். ஆகிறது. இழந்த சர்க்கரை லாக்டோன் என்று முடியும் ஒரு பொருளாக மாறித் தன் வழியே போகிறது. அந்த என்.ஏ.டி.பி.ஹெச். இருந்தால்தான் சிவப்பு அணு தன்னை அரிக்க வருகிறதைத் தடுத்துக்கொள்ள முடியும். அதற்கு வேறு துணை கிடையாது.

என் பட்டறையில் பித்தளைக் கொக்கிகளை மழைக்காலத்தில் ஒருவர் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துடைக்காவிட்டால் பச்சை பூத்துவிடும். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். என் மகனின் ரத்தத்தில் துடைக்கிற ஆள் மிகக் குறைவு. இந்தக் குறை தாய் வழியாக வரும், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் வாட்டும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. டாம்பர் கோலி உருகுவதில்லை. அப்படியே ஆவியாகித் தேய்கிறது. அந்த ஆவி சேலையில் ஏறி, பிள்ளையின் மூச்சிலும் தோலிலும் நுழைந்து, உடம்புக்குள் வேறு நஞ்சாக மாறி, அணுக்களை அரித்து உடைத்திருக்கிறது. உடைந்த சிவப்புதான் கறுப்பு மூத்திரமாகப் போயிருக்கிறது.

"அப்ப நான்தான் இவனுக்கு இதைக் குடுத்தேனா?" என்றாள் இவள்.

"கண்ணு குடுத்தே, மூக்கு குடுத்தே, அதோட இதையும் குடுத்துட்டே. உனக்கே தெரியாம உன் அம்மா உனக்குக் கொடுத்தா. இதுக்குப் போய் அழுவாளோ?" என்றார் டாக்டரம்மா. "ஆனா இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். இவனுக்குள்ள இப்ப ஓடறது பாதி ஊரார் ரத்தம். மூணு மாசம் போகட்டும். இவன் ரத்தத்தை எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம்."

அந்த மூன்று மாதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பயங்கரம். வேறு தொட்டில், வேறு துணி, பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். ஆனால் சாச்சி சொன்ன கதையும் டாக்டரம்மா சொன்ன கதையும் என் முன்னால் நின்றன. இரண்டிலும் சேலைதான் காரணம், இரண்டிலும் சேலை போனதும் பிள்ளை பிழைக்கிறான். எது உண்மை என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மக்ரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் கண் தானாகப் பரணுக்குப் போகும். ஒரு நாள் துணிந்து பெட்டியைத் திறந்தோம். கோலிக்குண்டு அளவுக்கு அவள் வைத்த உருண்டைகள் மிளகு அளவுக்குத் தேய்ந்திருந்தன. சில இடங்களில் உருண்டையே இல்லை, அது இருந்த பள்ளம் மட்டும் மடிப்பில் இருந்தது. யாரோ ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட மாதிரி.

சோதனையில் என்சைம் மிகக் குறைவு என்று வந்தது. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு நான் அங்கேயே தரையில் நெற்றியை வைத்து சஜ்தா செய்தேன். மகனுக்கு இப்படி ஒரு குறை என்பதற்கு யாராவது நன்றி சொல்வார்களா? நான் சொன்னேன். அதோடு இறந்தவள் பேரிலிருந்த பழி கழன்றது. அவள் என் பிள்ளையை எடுக்க வரவில்லை. தனக்குப் பின்னால் வருகிறவளின் சேலையைப் பூச்சி அரிக்கக் கூடாது என்று கோலி போட்டாள். செய்தது அது மட்டும்தான்.

அந்தச் சேலைகளைப் பலமுறை துவைத்து, கோடை முழுக்க வெயிலில் போட்டு, குழந்தை இல்லாத ஒரு ஏழை வீடாகப் பார்த்து, விஷயத்தைச் சொல்லி, பெட்டியோடு கொடுத்துவிட்டோம். நாற்பதுக்குள் செய்ய வேண்டியது, வருடங்கள் தள்ளி நடந்தது. பட்டறையிலும் இப்போது டாம்பர் கோலி கிடையாது.

மகனுக்கு மூன்று வயதானபோது மழையில் மலேரியா கண்டது. புது டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். நான் முந்திக்கொண்டு அந்த நீளப் பேரைச் சொன்னேன். பேனா நின்றது. எழுத இருந்த மாத்திரைகளில் ஒன்று இவனுக்கு ஆகாது என்று வேறு ஏற்பாடு செய்தார். வெளியே பெஞ்சில் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தம்பியை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அன்று நாற்காலியில் ஏறி, சாச்சி சொன்னபடி சேலையை எரித்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான். ஆவிதான் காரணம் என்று நானும் நம்பியிருப்பேன். அப்புறம் இந்த மாத்திரையை என் கையாலேயே கொடுத்திருப்பேன். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குப் பயம்.

சாச்சி இன்னும் எதிர் அறையில்தான் இருக்கிறார். எங்கள் மீது பிரியமானவர். சந்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், "அவ சேலையை எடுத்ததும் புள்ள பிழைச்சுது, கேட்டுப் பாரு" என்று சொல்லுவார். அந்த வார்த்தையில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் அது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்டியும் சேலையும் போன பிறகும், மழை நாளில் மக்ரிப் நேரத்தில் எப்போதாவது அந்த வாசனை வருகிறது. மரப் பரணில் ஊறியிருக்கும் என்கிறாள் இவள். இருக்கலாம். நான் ஒரு சலாம் சொல்லிவிட்டுத் தொழப் போய்விடுவேன்.

படிக்கிறவர்களே, கைக்குழந்தை உள்ள வீடு எதுவானாலும் இதைச் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த துணியை அப்படியே பிள்ளைக்குச் சுற்றாதீர்கள் என்று சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று கூட்ட வேண்டாம். அந்த என்சைம் குறைந்த பிள்ளைக்கு ஆகும். என் மனைவியின் தம்பியை விட்டுவிட வேண்டாம். கடைசியில் சொன்ன வாசனையைப் பெரிதாக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கோலியை மடிப்பில் வைத்தவள் ஏன் வைத்தாள் என்பதை மட்டும் எக்காரணத்தாலும் மாற்றிவிடாதீர்கள்.